யூட்டாவில் ட்ரைலோபைட் தேட ஓர் இடம்: யூ-டிக் ஃபாசில்ஸ்

விலங்கியல் ஆசிரியையாக வேலை பார்த்த காலம் முழுவதும் ட்ரைலோபைட் என்ற, அழிந்துபோன கடல்வாழ் கணுக்காலியைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டியிருக்கிறேன். அரியலூர் பக்கம், காரை என்ற ஊருக்கு மாணவிகளை அழைத்துப் போய், சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவத்தைக் காட்ட முடிந்தது. ட்ரைலோபைட்டுக்கு அங்கே வழியில்லை. அரியலூர்ப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை. ட்ரைலோபைட்டுகளோ அதற்கு வெகு முன்பே, பெர்மியன் காலத்தின் இறுதியில், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பூண்டோடு அழிந்துவிட்டன. இந்தியாவில் அவற்றைத் தேட இமயமலையில் ஸ்பிட்டிக்கோ காஷ்மீருக்கோ ஏற வேண்டும்.

மகள் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் குடியிருப்பதால் எனக்கு வேறு வழி கிடைத்தது. யூட்டா மாநிலத்தின் டெல்டா ஊருக்கு மேற்கே, ஹவுஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், யூ-டிக் ஃபாசில்ஸ் என்ற கற்சுரங்கம் இருக்கிறது. கட்டணம் செலுத்தி உள்ளே போகலாம், பாறையைப் பிளக்கலாம், கிடைத்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். சுத்தியலும் வாளியும் அவர்களே தருகிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு போகிற யாருக்கும் இதைவிட நல்ல இடத்தை என்னால் சொல்ல முடியாது.

டெல்டாவிலிருந்து ஏறத்தாழ 84 கிலோமீட்டர். அதில் கடைசி 32 கிலோமீட்டர் சரளைச் சாலை. டெல்டாவைத் தாண்டினால் பெட்ரோலும் கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது. எல்லாவற்றையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நிழல் என்று நம்பிப் போகாதீர்கள். தொப்பி, முழுக்கை சட்டை, மூடிய காலணி, ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். களிப்பாறையின் சில்லுகள் கத்தி முனை போலத் தெறிக்கின்றன.

இந்தப் பாறைக்கு வீலர் ஷேல் என்று பெயர். 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்பிரியன் கடலடிச் சேறு அது. கடப்பாறை போட்டு உடைக்கிற வேலை இங்கே இல்லை. பலகை போன்ற கல்லை நிமிர்த்தி வைத்து, அடுக்குகள் தெரியும் விளிம்பில் மெதுவாகத் தட்ட வேண்டும். அங்கிருந்த பணியாளர் ஒருவர் என் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தட்டினால் பாறை தானாக விட்டுக்கொடுக்கும் என்று பொறுமையாகக் காட்டினார். அதற்குப் பிறகு அவள் கை என் கையைவிட வேகமாகப் போனது.

அதிகம் கிடைப்பது எல்ராத்தியா கிங்கி. ஃபீல்டிங் மீக் என்பவர் 1870-ல் விவரித்த இனம். உலகெங்கும் பள்ளிகளின் மாதிரிப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். கரிய உடல், தலைக்கு நடுவே மேடு, அதன் பின்னே மார்புக் கண்டங்கள், அதாவது வளையம் வளையமான உடல் துண்டுகள். ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினால் பதின்மூன்று. அதற்குப் பின் சின்னஞ்சிறு வால். இவற்றில் பல, பாறையில் ஒட்டிக்கொண்டிராமல் முழு உருவமாகக் கழன்று வருகின்றன. உடலின் அடிப்பக்கத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படிந்து கெட்டியாகிவிட்டதுதான் காரணம். அதனால்தான் வினிகர் ஊற்றிக் கழுவாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். அமிலம் பட்டால் அந்தக் கால்சைட் கரைந்துவிடும். உலர்ந்த தூரிகையும் மரக்குச்சியும் போதும்.

குவியல் குவியலாகக் கிடைப்பதில்தான் இந்த இடத்தின் அருமை இருக்கிறது. அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு மாதிரியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால் இனம் பிரிக்கும் கண் வராது. இங்கே வாளியைக் கவிழ்த்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்க்கலாம். வால் பெரிதாக, அகன்று, வழவழப்பான ஓரத்தோடு இருந்தால் அது அசாஃபிஸ்கஸ் வீலரி. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, தலை எது வால் எது என்றே தெரியாமல், நடுவில் இரண்டே கண்டங்களோடு இருந்தால் பெரொனாப்சிஸ். இதற்குக் கண்களே கிடையாது. சிறியது என்பதால் பலர் இதைக் கவனிக்காமல் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். பிளந்த ஒவ்வொரு பரப்பையும் வெயில் சாய்வாக விழும்படி திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

"பாட்டி, இதற்குக் கன்னமே இல்லையே?" என்று பேத்தி ஒன்றை நீட்டினாள். தலையின் இரு ஓரங்களிலும் இருக்க வேண்டிய கன்னத் தகடுகள் இல்லை. அது செத்த உயிரின் உடல் அல்ல, உரித்துப்போட்ட ஓடு. நண்டு ஓடு கழற்றுவதைப் போலவே ட்ரைலோபைட்டும் வளர வளரப் புறச்சட்டகத்தைக் கழற்றியது; அப்போது முதலில் பிரிவது அந்தக் கன்னங்கள். கணுக்காலிகளின் தோலுரிப்பை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். பத்து வயதுக் குழந்தை அதைக் கல்லிலிருந்து தானே கண்டுபிடித்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்ராத்தியா மட்டும் ஏன் இத்தனை? ஆக்சிஜன் மிகக் குறைந்த கடலடியின் விளிம்பில், மற்ற உயிர்கள் தாக்குப்பிடிக்க முடியாத இடத்தில் அது வாழ்ந்தது என்று 2003-ல் கெய்ன்ஸ், ட்ரோசர் இருவரும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பாறையில் ஒரே இனம் திரும்பத் திரும்ப வருவதை நேரில் பார்த்துவிட்டு அதைப் படித்தால் சுவை கூடும்.

இந்தப் பகுதிக்குப் பழைய கதையும் உண்டு. இங்கு வாழ்ந்த பாவன்ட் யூட் பழங்குடியினர் ட்ரைலோபைட்டைத் துளையிட்டுத் தாயத்தாக அணிந்தார்கள். அதைப் பதிவு செய்தவர் டெல்டாவின் பத்திரிகை ஆசிரியர் ஃபிராங்க் பெக்வித். ட்ரைலோபைட் அல்லாத இன்னொரு கேம்பிரியன் கணுக்காலிக்கு அவர் நினைவாகவே பெக்விதியா என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

இணையத்தில் வாங்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம்: மகள் ஓர் இணையக் கடையில் எனக்குப் பரிசாக வாங்கிய மொரோக்கோ ட்ரைலோபைட், முட்களெல்லாம் நிமிர்ந்து பிரமாதமாக இருந்தது. லென்ஸில் பார்த்தால் உடல் முழுக்க நுண்ணிய காற்றுக் குமிழ்த் துளைகள். பிசினில் வார்த்த போலி. மொரோக்கோவிலிருந்து அசலும் ஏராளமாக வருகிறது. ஆனால் பிரித்தறியும் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்கான பயிற்சிதான் சுரங்கத்தில் கிடைக்கிறது.

இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம், முழு நாள் என்று டிக்கெட் வகைகள் உண்டு. நான்கு மணி நேரத்தை எடுங்கள். இரண்டு மணி நேரம் கை பழகவே சரியாகப் போய்விடும். குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால், இளவேனிலிலோ செப்டம்பரிலோ திட்டமிடுங்கள், கிளம்பும் முன் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய செய்தித்தாள்களை நிறைய எடுத்துப் போங்கள். பிளந்த கல்லின் இரு பாதிகளையும் சேர்த்தே மடித்து, வீலர் ஷேல், ஹவுஸ் மலைத்தொடர், தேதி என்று அங்கேயே எழுதிவிடுங்கள். இடம் குறிக்காத புதைபடிவம் அறிவியலுக்கு உதவாது.