நர்சிங் காலேஜில் மூடுல்: நாலு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் காலேஜ் மூடிக் கிடந்தபோது அவசரத்துக்கு நிறுவியது எங்கள் மூடுல் தளம்; பாடம், குவிஸ் எல்லாவற்றையும் ஆன்லைனில் நடத்த உதவும் மென்பொருள் அது. அது இலவசம், சர்வருக்கு மட்டும்தான் காசு என்றதும் நிர்வாகம் மறுபேச்சில்லாமல் தலையாட்டியது. மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங் பாடத்துக்கு நான் பொறுப்பு. "நாங்களும் போடலாமா?" என்று மற்ற காலேஜ் ட்யூட்டர்கள் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் வருஷம் நாங்கள் வைத்திருந்ததை ஆன்லைன் கோர்ஸ் என்றே சொல்லக்கூடாது. அது பிடிஎஃப் குடோன். ஸ்கேன் செய்த நோட்ஸ், பவர்பாயின்ட், 45 நிமிஷ வீடியோக்கள். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதை லாக் காட்டும். ஒரு மாணவி தினமும் ராத்திரி பத்தரைக்கு வருவாள், பத்து நிமிஷத்தில் போய்விடுவாள். அக்கறை இல்லாத பிள்ளை என்று நானே முத்திரை குத்திவிட்டேன். பிறகு விசாரித்தால், வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அண்ணனுடையது. அவன் தூங்கப் போன பிறகு அன்றைய 1.5 ஜிபியில் மிச்சம் மீதி இருந்தால் அவளுக்கு.

அந்த வாரமே வீடியோக்களை ஆறேழு நிமிஷத் துண்டுகளாக வெட்ட ஆரம்பித்தேன். கூடவே வெறும் ஆடியோ ஒன்று. மூடுல் ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலே படிக்கலாம், ஆசிரியர் அனுமதித்தால் குவிஸ்கூட எழுதலாம். இதை நாங்கள் கவனிக்கவே ஒன்றரை வருஷம் ஆனது, தப்பு எங்கள் மேல்தான். வேடிக்கை என்னவென்றால், ஹாஸ்டல் வைஃபையில் இருந்த பிள்ளைகளும் துண்டு வீடியோவுக்கே தாவினார்கள். பழைய 45 நிமிஷத்தைக் கடைசிவரை பார்த்தவர் ஒருவரும் இல்லை, என்னையும் சேர்த்து.

எனக்கு மிகவும் பிடித்த வசதி குளோசரி, அதாவது தளத்துக்குள்ளேயே இருக்கும் சொல் அகராதி. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் ஃபோரத்தில் ஒரு வரி எழுத மாட்டார்கள். தமிழிலோ தங்கிலீஷிலோ எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் கேள்விகளே வந்தன. பரீட்சை ஆங்கிலத்தில், பேஷன்ட் பேசுவதோ தமிழில். அதனால் வார்டில் காதில் விழும் சொற்களைப் பிள்ளைகளே குளோசரியில் ஏற்றுவது என்று வைத்தோம். "படபடன்னு வருது" என்றால் பால்பிடேஷன், "மேல்மூச்சு வாங்குது" என்றால் டிஸ்ப்னியா, "நீர்க்கடுப்பு" என்றால் டிஸ்யூரியா. நான் பார்த்து ஒப்புதல் தந்ததும், பாடத்தில் எங்கே அந்த வார்த்தை வந்தாலும் தானாக லிங்க் ஆகிவிடும். கேரளத்திலிருந்து வந்த ஒரு மாணவி, ஓபியில் மாமியார் சொன்ன "மருமக முழுகாம இருக்கா" (கர்ப்பமாக இருக்கிறாள்) என்பதைக் குளிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, "சுகாதாரம் குறைவு" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தாள். சிரித்தோம்தான். ஆனால் அந்தச் சொல் சென்னைப் பிள்ளைகள் நாலு பேருக்கும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அடுத்தது தோல் நிறம். இதில் நான் பட்டது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் படங்கள் எல்லாம் வெள்ளைக்காரர் தோல். படுக்கைப் புண்ணின் முதல் கட்டத்துக்குப் புத்தகம் சொல்லும் அடையாளம் "அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு". நம் ஊர்த் தாத்தாவின் கறுத்த முதுகில் அந்தச் சிவப்பை எங்கே தேடுவது? குவிஸில் பத்துக்குப் பத்து வாங்கிய ஒரு பிள்ளை வார்டில் அதைத் தவறவிட்டது. பார்க்கக் கற்றுத்தந்தேனே தவிர, தொடக் கற்றுத்தரவில்லை. புறங்கையை வைத்துப் பக்கத்துத் தோலோடு சூட்டை ஒப்பிடு, இறுகியிருக்கிறதா சொதசொதவென்று இருக்கிறதா பார், வலிக்கிறதா கேள் என்று பாடத்தைத் திருத்தி எழுதினேன். சயனோசிஸுக்கு (ஆக்சிஜன் குறைந்து நீலம் பாரிப்பது) நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பார், ரத்தசோகைக்குக் கீழிமையை இழுத்துப் பார். இதெல்லாம் நம் சீனியர் சிஸ்டர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஸ்லைடில்தான் ஏறவில்லை.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இதே கதை. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில், ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் எண் நன்றாக இருந்து ஆள் மூச்சிரைத்தால், எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பார் என்று ஒரு கேஸ் சேர்த்தேன்.

குவிஸ் அறிக்கையையும் விடாதீர்கள். நன்றாகப் படிக்கிறவர்களே எந்தக் கேள்வியில் சறுக்குகிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். ஹார்ட் ஃபெயிலியர் பேஷன்டின் உப்புக் கட்டுப்பாடு பற்றி, அமெரிக்கக் கேள்வித் தொகுப்பிலிருந்து எடுத்த ஒன்றில் வகுப்பே கவிழ்ந்தது. காட்டேஜ் சீஸ் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் கருவாடு, அப்பளம், ஊறுகாய் போட்டதும் கேள்வி உயிர் பெற்றது. பாடத்தில் வரும் கேஸ் கதைகளில் நர்ஸ் எப்போதும் "அவள்" என்று வருவதை ஒரு மாணவன் சுட்டிக்காட்டினான், அதையும் மாற்றினேன்.

தரத்தை அளக்க, அமெரிக்காவின் மேரிலாந்தில் பிறந்த, ஆன்லைன் பாடங்களுக்கான குவாலிட்டி மேட்டர்ஸ் அளவுகோலின் எட்டுத் தலைப்புகளை வைத்துப் பார்த்தோம். நோக்கமும் பாடமும் தேர்வும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. எங்கள் நோக்கத்தில் "கண்டறிவார்" என்று இருந்தது, தேர்விலோ "வரையறு". எங்கள் தரம் என்னவென்று மார்க் போடாமலே தெரிந்துவிட்டது.

குறைகள்: மலிவு சர்வர் இன்டர்னல் தேர்வன்று இரண்டு முறை படுத்துவிட்டது. ஒரு யூனிட்டை ஒழுங்காகச் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆகிறது, அதற்கு வேலைநேரத்தில் கணக்கு கிடையாது. கான்யுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடுவதை எந்த வீடியோவும் கற்றுத்தராது. கறுத்த கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

போடலாமா என்றால், போடுங்கள். ஆனால் அட்மின் பாஸ்வேர்டை ஒரே ஆளிடம் விட்டுவிடாதீர்கள். எங்கள் கம்ப்யூட்டர் சார் வேலையை விட்டுப் போனபோது இரண்டு வாரம் வாசலிலேயே நின்றோம்.