நீடிக்கும் டயரா, பிடிக்கும் டயரா: புளியரை தாண்டும் வீட்டுக் காருக்கு எது?

செங்கோட்டையிலிருந்து புளியரை மலைப்பாதையில் கேரளம் போய்வருகிறவர் டயர் மாற்றக் கிளம்பினால் முதலில் கேட்பது 'எந்தக் கம்பெனி நல்லது?' என்றுதான். அதற்கு நேரான பதில் கிடையாது. பெரும்பாலான கம்பெனிகள் எதிரெதிர் குணமுள்ள இரண்டு ரகங்களை விற்கின்றன. அப்போலோவில் அமேசர் 4ஜி லைஃப் நெடுநாள் உழைப்பதற்கு, ஆல்நாக் 4ஜி பிடிப்புக்கும் ஓட்டும் சுகத்துக்கும். குட்இயரில் டியூராபிளஸ் 2 ஆயுளுக்கு, டிரிபிள்மேக்ஸ் 2 ஈரத்தில் பிரேக் பிடிக்க. சியட்டிலும் மைலேஸ் ஒரு பக்கம், செக்யூராடிரைவ் இன்னொரு பக்கம். மிஷெலின் எக்ஸ்எம்2 பிளஸ் இரண்டு குணத்தையும் சேர்த்துச் சொல்லி, கொஞ்சம் கூடுதல் விலைக்கு வருகிறது. கடையில் முதலில் கேட்க வேண்டியது ரகம், கம்பெனிப் பெயர் அடுத்து.

(புனலூர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் உறவினர் யாராவது இருந்தால் 'நம்ம ரப்பர், கோட்டயத்துல செய்யறது' என்று எம்.ஆர்.எஃப்-க்கு ஓட்டுப் போடுவார். பேராம்பிராவில் ஆலை வைத்திருக்கும் அப்போலோவுக்கும் அதே உறவு உண்டு. கார் டயரில் இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பர், கார்பன், சிலிக்கா எல்லாம் கலந்திருப்பதால் இந்தப் பாசத்தை வைத்து டயர் தேர்ந்தெடுக்க முடியாது.)

நீடிக்கும் ரகத்துக்கு டாக்சிக்காரர்களின் சிபாரிசு பலமாக இருக்கும். லட்சம் கிலோமீட்டர் என்று விளம்பரமே சொல்கிறது. வருஷத்துக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு அது சரியான கணக்கு. ரப்பர் கெட்டிப்படுவதற்குள் பட்டன் (தரையில் உருளும், பள்ளம் வெட்டிய மேல் ரப்பர்) தேய்ந்து, டயர் மாறிவிடும். வீட்டுக் கார் வருஷத்துக்கு எட்டாயிரம் ஓடினால் அதிகம். விளம்பரத்தில் பாதி, ஐம்பதாயிரமே உழைத்தாலும் ஆறு வருஷம் தாண்டிவிடும். வெயிலில் நிற்கும் காரின் ரப்பர் அதற்குள் இறுகிப் பக்கவாட்டில் வெடிப்பு விட ஆரம்பித்திருக்கும். பட்டன் மிச்சம் இருக்கிறதே என்று மனசு வராமல் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுவோம். அந்த இரண்டு வருஷத்து ஆனி, ஆடிச் சாரலில்தான் ஆபத்து. மென்மையான ரப்பர் கொண்ட டயர் சீக்கிரம் தேய்கிறது என்பது குறைதான், ஆனால் வீட்டுக் காரில் அது தேயும் நேரமும் ரப்பருக்கு வயசாகும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேர்கின்றன. காசு கொடுத்த பட்டனை முழுக்கப் பயன்படுத்திவிட்டு மாற்றுகிறோம்.

இந்த 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை டயரிடம் இரண்டு விதமான வேலை கேட்கிறது. புளியரை எஸ் வளைவிலிருந்து கோட்டைவாசல், ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை நாம் போவது முப்பது, நாற்பது வேகத்தில். அந்த வேகத்தில் தண்ணீர்மேல் டயர் மிதக்காது. அங்கே வில்லன் வழவழப்பு: லாரிகள் மெழுகிவிட்ட தார், சிந்திய எண்ணெய், எம்-சாண்ட் துகள், அதன்மேல் முதல் தூறல். தரையைத் தொடுவது சக்கரத்துக்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதன் மென்மைதான் வண்டியை நிறுத்துகிறது. சிலிக்கா கூடுதலாகச் சேர்த்த ஈரப்பிடிப்பு ரகம் இங்கே தெளிவாக ஜெயிக்கிறது.

புனலூர் தாண்டி எழுபதில் போகும்போதும், இந்தப் பக்கம் தென்காசி, ராஜபாளையம் நேர்ரோட்டிலும் கதை வேறு. தேங்கிய நீரைப் பட்டனின் பள்ளங்கள் வாரி வெளியே தள்ள வேண்டும். அங்கே கணக்கு பள்ளத்தின் ஆழம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், பள்ளத்துக்குள் அதற்கான அடையாள மேடும் உண்டு. மலைக்கும் மழைக்கும் போகிறவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பதையும் நம்பாதீர்கள். காற்று குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். சித்திரை வெயிலில் மதுரை வரை நூறில் போனால் அதே டயர் சூடேறி வெடிக்கவும் செய்யும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் ஆறியிருக்கும்போது பார்த்து அடியுங்கள்.

அகல டயர் மோகத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்விஃப்ட், டிசையரின் கீழ்மட்ட மாடல்களில் வருவது 165/80 ஆர்14 (முதல் எண்தான் மில்லிமீட்டரில் அகலம்). அதற்குப் பதில் 185/70 ஆர்14 போட்டால் விட்டம் ஐந்து மில்லிமீட்டர்தான் குறைகிறது, ஆக வண்டியில் பொருந்தும். காய்ந்த ரோட்டில் வளைவு நன்றாக இருக்கும். ஆனால் அகல டயர் தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும், பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். தென்மலைக்கும் குற்றாலத்துக்கும் குடும்பத்தோடு போகிற காருக்கு இது வேண்டாத செலவு. கார் கம்பெனி கொடுத்த அளவிலேயே நல்ல ரகம் வாங்க அந்தப் பணம் உதவும். செகண்ட்ஹேண்ட் டயர் பேச்சே வேண்டாம். 2025 செப்டம்பரில் புது டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபின் அதிலிருந்த லாபமும் சுருங்கிவிட்டது.

என் தீர்ப்பு: மாதம் ஒரு தடவையாவது மலை ஏறுகிறவருக்கு ஈரப்பிடிப்பு ரகம். தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று சமவெளியிலேயே நிறைய ஓடுகிறவர் நீடிக்கும் ரகத்தைத் தாராளமாக எடுக்கலாம், பள்ளம் விழுந்த சாலையில் கல் குத்துவதையும் அது தாங்கும். எதை எடுத்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கடையில் கிடந்ததை விலை குறைத்துத் தந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் கடையில் புதுசை முன்னால் மாட்டப் பார்ப்பார்கள், இழுக்கிற சக்கரம் முன்னால்தானே என்பார்கள். பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடும். ஆரியங்காவு இறக்கத்து ஈர வளைவில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அதைத் திருப்பிப் பிடிக்கிற கை நம்மில் பலருக்கு இல்லை.