கழுத்துத் தமனி அடைப்பு: அறுவையா, ஸ்டென்டா?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, வாய் கோணுவது, கை மரத்துப்போவது என்று ஒரு முறை எச்சரிக்கையும் வந்துவிட்டால், இந்தக் கேள்வி வரும். எதுவானாலும் முடிந்தவரை எச்சரிக்கை வந்த 2 வாரத்துக்குள் செய்துவிடுவது நல்லது.

அறுவையில் கழுத்தைக் கீறி, தமனியைக் கவ்வியால் அடைத்துத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் படிவைத் தோல் உரிப்பதுபோல் உரித்தெடுப்பார்கள். பிறகு பெரும்பாலும் ஓர் ஒட்டுத்துண்டு வைத்துத் தைப்பார்கள். பக்கத்து நரம்பு அடிபட்டால் குரல் கம்மலாம், பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்டென்டில் கீறல் இல்லை. தொடை இடுக்கு வழியாகக் கம்பியை ஏற்றி, சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை விரிப்பார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பி உரசும்போது படிவின் துணுக்கு மூளைக்குப் போகலாம். அதைப் பிடிக்கக் குடை போன்ற வடிகட்டி உண்டு, எல்லாவற்றையும் அது பிடிப்பதில்லை.

இரண்டையும் ஒப்பிட்டு 2010-இல் வெளியான கிரெஸ்ட் என்ற ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்டில் 4.1, அறுவையில் 2.3 சதவீதம், மாரடைப்பு ஸ்டென்டில் 1.1, அறுவையில் 2.3 சதவீதம்.

70 வயதைத் தாண்டியவருக்கு நான் அறுவைப் பக்கம்தான் சாய்வேன். இதயம் பலவீனமா, கழுத்தில் ஏற்கெனவே கதிர்வீச்சு கொடுத்திருக்கிறதா? அப்போது ஸ்டென்ட்.