தி கொயட் இயர்: 52 சீட்டு, ஒரு சார்ட் பேப்பர், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை

ரோல்பிளேயிங் கேம் என்றதும் நம்மில் பலருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் நினைவுக்கு வரும். 1974-இல் வந்த ஆட்டம். ஒருத்தர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ எடுத்துக்கொண்டு இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். நான் இரண்டு வருஷம் அதை நடத்தி நொந்துபோனவன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழக்கிழமையே குறிப்பெழுத உட்காருவேன், சனிக்கிழமை மத்தியானம் "இன்னிக்கு வர முடியலடா" என்று வரிசையாக மெசேஜ் வரும். அந்தக் கடுப்பில், நடத்துபவரே தேவைப்படாத, முன்தயாரிப்பு எதுவும் கேட்காத ஆட்டம் ஏதாவது உண்டா என்று தேடப்போய்த்தான் தி கொயட் இயர் கண்ணில் பட்டது.

ஏவரி ஆல்டர் என்கிற கனடாக்காரர் உருவாக்கி 2013-இல் வெளியிட்டது. பரீட் வித்தவுட் செரமனி என்ற பெயரில் அவரே வெளியிடுகிறார், பின்னால் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. இண்டி என்று சொல்வதெல்லாம் இந்த மாதிரிதான். பெட்டியாகவும் கிடைக்கிறது, நான் வாங்கியது பிடிஎஃப். 2 முதல் 4 பேர் ஆடலாம். ஒரு சீட்டுக்கட்டு, பெரிய தாள் ஒன்று, பென்சில், ஆறு சின்னப் பகடை, 20 டோக்கன் வேண்டும். தாளுக்குத் தெருமுனை ஸ்டேஷனரி கடையில் ஒரு வெள்ளை சார்ட், பகடை வீட்டிலும் நண்பன் வீட்டிலும் கிடந்த பழைய லூடோ பெட்டிகளிலிருந்து, டோக்கனுக்கு அம்மாவின் டப்பாவிலிருந்து 20 புளியங்கொட்டை. இந்தப் புளியங்கொட்டையை மறந்துவிடாதீர்கள், விமர்சனமே அதைப் பற்றித்தான்.

கதை இதுதான். நாகரிகம் எல்லாம் சரிந்துபோன பிறகு எஞ்சி நிற்கிற ஒரு சின்ன ஊர். நரிகள் என்று அழைக்கப்படும் ஒரு கூட்டத்தோடு நீண்ட நாள் சண்டை போட்டு, இப்போதுதான் துரத்திவிட்டிருக்கிறார்கள். இனி ஒரு வருஷம் அமைதி. அந்த வருஷம் முடியும்போது ஃப்ராஸ்ட் ஷெப்பர்ட்ஸ் வருவார்கள், ஆட்டம் அத்தோடு முடியும். அவர்கள் யார் என்று புத்தகம் சொல்லவே சொல்லாது. 'பனி மேய்ப்பர்கள்' என்று நான் மொழிபெயர்த்தேன், மேய்ப்பர் என்றதும் பைபிள் வாசனை அடிக்கிறது என்று தங்கை சிரித்தாள். கடைசிவரை அவள் 'பனிக்காரங்க' என்றுதான் சொன்னாள்.

ஆளுக்கொரு பாத்திரம் கிடையாது. "அப்போ நான் யாரு?" என்று நண்பன் மூன்று தடவை கேட்டான். நீ யாரும் இல்லை, நாம் எல்லோரும் சேர்ந்து அந்த ஊர் என்று சொன்னால் உடனே பிடிபடாது, ஐந்தாறு சீட்டு திரும்பினால் தானாகப் புரியும். முதலில் ஆளுக்கொன்றாக நில அமைப்பை வரைய வேண்டும். நாங்கள் நான்கு பேர்: நான், தங்கை, அவள் கணவர், என் பள்ளி நண்பன். ஒரு ஆறு, ஆற்றுக்கு நடுவே உடைந்த பாலம், ஒரு உப்பளம், கூரை போன ஒரு ரைஸ் மில் வந்தன. பிறகு ஊருக்கு முக்கியமான பொருள்களை ஆளுக்கொன்று சொல்லி, அதில் ஒன்று மட்டும் ஏராளம், மற்றதெல்லாம் பற்றாக்குறை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். எங்கள் ஊரில் உப்பு ஏராளம். குடிதண்ணீர், விதை, மருந்து மூன்றும் இல்லை. பத்து நிமிஷத்தில் ஒரு ஊரும் அதன் கவலையும் மேஜைமேல் இருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து குறிப்பெழுதியும் நான் இதைச் சாதித்ததில்லை.

ஒரு சீட்டு ஒரு வாரம். ஆர்ட்டின் வசந்தம், டைமன் கோடை, கிளாவர் இலையுதிர்காலம், இஸ்பேட் பனிக்காலம், பருவத்துக்கு 13 சீட்டு, தனித்தனியாகக் கலைத்து வரிசையாக அடுக்குவது. உங்கள் முறை வந்தால் சீட்டை எடுத்து அதற்குரிய கேள்வியைப் படிப்பீர்கள். பெரும்பாலும் இரண்டு கேள்வி இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்லலாம். வரைபடத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைமேலும், அது முடிய எத்தனை வாரம் பாக்கி என்று காட்டும் ஒரு பகடை இருக்கும், அதை ஒரு எண் குறைக்க வேண்டும். அப்புறம் மூன்றில் ஒன்று செய்யலாம்: புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம், ஒரு வேலையைத் தொடங்கலாம், அல்லது ஊர்க்கூட்டம் கூட்டலாம்.

வேலையைத் தொடங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எத்தனை வாரம் பிடிக்கும் என்பதை மட்டும் எல்லோரும் சேர்ந்து பேசிப் பகடையை வைக்கிறோம், மற்றபடி உங்கள் முறையில் நீங்கள் சொன்னதே சட்டம். கூட்டமோ அதற்கு நேர்மாறு. ஆளுக்கு ஒரே ஒரு தடவை, ஒன்றிரண்டு வாக்கியம், அவ்வளவுதான். கேள்வியாகக் கூட்டத்தைத் தொடங்கியவர் கடைசியில் பேசலாம், கருத்தாகத் தொடங்கியிருந்தால் அதுவே அவர் பேச்சு. கூட்டத்தில் எந்த முடிவும் எடுக்கப்படாது. "முடிவே இல்லன்னா எதுக்கு மீட்டிங்? எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் மாதிரியே இருக்கே" என்றான் நண்பன்.

எங்கள் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வசந்தத்தின் நடுவில் தங்கை உடைந்த பாலத்தைச் சரிசெய்யத் தொடங்கினாள், பகடையில் 5. அடுத்து மாப்பிள்ளை கூட்டம் கூட்டினார்: "பாலம் நமக்குப் போறதுக்கா, அவங்களுக்கு வர்றதுக்கா?" ஆளுக்கொரு வரி சொன்னோம். தங்கை, அக்கரையில் மருந்துச்செடி இருக்கலாம் என்றாள். நண்பன், நரிகள் அந்தப் பக்கம்தான் போனார்கள் என்றான். மாப்பிள்ளை கடைசியில் பேசினார், மனைவிக்கு எதிராகவும் பேசாமல் ஆதரவாகவும் பேசாமல் ஏதோ சொன்னார். முடிவு கிடையாது. அடுத்த முறை நண்பனுடையது. அவன் எதையும் கேட்காமல் பாலத்தின் இக்கரை முனையில் ஒரு மதில் என்றான், பகடையில் 3. பாலத்தின் பகடையும் அப்போது 3-க்கு இறங்கியிருந்தது. அதாவது இரண்டும் ஒரே வாரத்தில் முடியும். பாலத்தைக் கட்டி முடிக்கிற அன்றைக்கே அதை அடைக்கிற மதிலும் தயார்.

தங்கை வாயைத் திறக்கவில்லை, அவள் முறை இல்லையே. கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தன் முன்னால் 'டக்' என்று வைத்தாள். அதுவரை சிப்ஸ் தின்றுகொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன.

அதுதான் அந்த 20 டோக்கன். புத்தகத்தில் அதற்கு கன்டெம்ப்ட் என்று பெயர், நாங்கள் மனத்தாங்கல் என்று சொல்லிக்கொண்டோம், அதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது. என்னைக் கேட்கவில்லை, என்னை மதிக்கவில்லை என்று தோன்றினால் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு ஊருக்குப் பாதகமாகச் சுயநலமாக ஒன்றைச் செய்தால் திருப்பிப் போடலாம், அல்லது யாராவது உங்கள் மனம் குளிர ஏதாவது செய்தால் போட்டுவிடலாம். அதற்கு மேல் அந்த டோக்கனுக்கு எந்தச் சக்தியும் இல்லை. புள்ளி கிடையாது, தண்டனை கிடையாது. சும்மா உங்கள் முன்னால் கிடக்கும், எல்லோர் கண்ணிலும் படும்.

இது அரைகுறை விதி என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்க்கக் கிளம்பினேன். இண்டி ஆட்ட வட்டாரத்தில் ஒருவர் ஆட்டத்தை எடுத்து இன்னொருவர் மாற்றியமைப்பது சகஜம். இதே ஆட்டத்தை மார்க் டயஸ் ட்ரூமன், ஆல்டரோடு சேர்ந்து தி டீப் ஃபாரஸ்ட் என்று திருப்பிப் போட்டிருக்கிறார், அதில் மனிதர்களை விரட்டிவிட்டுத் தங்கள் இடத்தை மீட்கும் அரக்கர்கள்தான் நாம். நான் எடுத்துக்கொண்டது ஒரு ஏரியும் அதை நம்பியிருக்கிற ஊரும்: மதகு, வாய்க்கால், கலங்கல், கரைமேல் பனைமரம். பனிக்காரர்களுக்குப் பதிலாக ஐப்பசி மழை. எங்களுக்குப் பனியைக் கண்டு என்ன பயம், கரை உடைந்தால்தான் பயம்.

டோக்கனுக்கு ஒரு சக்தியும் கொடுத்தேன். மூன்று கொட்டை சேர்த்தால் அடுத்தவர் தொடங்கிய வேலையை நிறுத்தலாம். புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் ஆட்டத்திலேயே எல்லோரும் சில்லறை சேர்ப்பது போல் கொட்டை சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். கோபமே வராத இடத்திலும் "எனக்கும் மனத்தாங்கல்தான்" என்று சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தான் நண்பன். "உன்கிட்ட எத்தனை இருக்கு, எனக்கு ஒண்ணு விட்டுக்குடு" என்று பேரம் வேறு. அந்த 'டக்' சத்தம் ஒரு தடவைகூட யாரையும் நிறுத்தவில்லை. அன்றைக்கு ராத்திரியே அந்த விதியை அடித்துவிட்டேன்.

கேள்வி எழுதுவது இன்னொரு கஷ்டம். 52 சீட்டுக்குக் கேள்வி வேண்டும். "இந்த வருஷம் விளைச்சல் எப்படி?" என்று ஒரு சீட்டுக்கு எழுதியிருந்தேன். மாப்பிள்ளை எடுத்தார், "சுமார்" என்றார், முடிந்தது. "ராத்திரியில் மதகைத் திறந்துவிட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை?" என்று இன்னொரு சீட்டில் இருந்தது. அதற்கு அவரே ஐந்து நிமிஷம் பேசினார். நடந்தே முடிந்துவிட்ட ஒன்றைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்துவிட வேண்டும், பதில் சொல்பவருக்கு அதிலிருந்து தப்பிக்க வழியிருக்கக் கூடாது. திரும்பப் போய் ஆல்டரின் கேள்விகளைப் படித்தபோதுதான் அவர் இதை எத்தனை நுணுக்கமாகச் செய்திருக்கிறார் என்று தெரிந்தது. என்னுடைய 52-இல் இதுவரை 19 தேறும்.

குறைகளும் இருக்கின்றன. பிடிஎஃப் வாங்கிச் சாதாரணச் சீட்டுக்கட்டில் ஆடினால் ஒவ்வொரு சீட்டுக்கும் பக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டும், ஆங்கிலம் அவ்வளவாக ஓடாதவர் ஒருவர் இருந்தால் படித்து, மொழிபெயர்த்து, திரும்பச் சொல்லி, அதிலேயே பாதி வேகம் போய்விடும். முடிந்தால் கேள்விகளை முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஆடலாம் என்கிறார்கள், நானும் தங்கையும் ஆடிப் பார்த்தோம், நன்றாக இல்லை; கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வரி என்றால் அது கூட்டமாகவே இல்லை. குறுக்கே பேசாதே என்ற விதியை நம் ஆட்களிடம் அமல்படுத்துவது பெரும்பாடு, அதுவும் கோடைக்காலச் சீட்டு வரும்வரை எல்லோரும் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கையில் சொந்தப் பாத்திரம் இருந்தால்தான் ஆட்டம் என்று நினைப்பவருக்கு இது ஒட்டவே ஒட்டாது, அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

முடிவு சிலருக்கு எரிச்சலாக இருக்கும். இஸ்பேட் ராஜா வந்ததும் ஆட்டம் அந்த நொடியே முடிகிறது. பனிக்காலச் சீட்டுகள் கலைத்து வைத்தவை என்பதால் அது 40-ஆவது வாரத்திலும் வரலாம், 52-ஆவது வாரம்வரை இழுக்கவும் செய்யலாம். எங்களுக்கு 44-இல் வந்தது. நான் தொடங்கியிருந்த விதைக் கிடங்கின் பகடையில் அப்போது 2 இருந்தது. இன்னும் இரண்டே வாரம் என்று புலம்பினேன், யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது, நண்பனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிடிஎஃப் வாங்குங்கள், காசு வீணாகாது. ஆள் மூன்றோ நான்கோ இருக்கட்டும், மூன்று நான்கு மணி நேரம் என்று சொல்லியிருப்பதை நம்பாமல் ஐந்து மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்க வேண்டாம். நாங்கள் ஒன்பதரைக்கு உட்கார்ந்தோம், பனிக்காரங்க வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. தங்கையின் முன்னால் நான்கு கொட்டை, மாப்பிள்ளை முன்னால் ஒன்றுகூட இல்லை. வண்டியில் ஏறும்போது அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டே போனார்கள்.