எப்போதாவது விளையாடுபவர் பார்வையில் நின்டெண்டோ சுவிட்ச்

வீடியோ கேம் ஆடும் கருவிகளான கன்சோல்களைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை நாள்தோறும் மணிக்கணக்கில் விளையாடுபவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அவர்கள் கேட்கும் திரைத் துல்லியத்திலும் செயலியின் வேகத்திலும், 2017 மார்ச்சில் வெளிவந்தபோதே நின்டெண்டோ சுவிட்ச் போட்டியாளர்களுக்குப் பின்னால்தான் நின்றது. ஆனால் வாரத்தில் ஒருநாள், அதுவும் அரைமணி நேரம் மட்டும் விளையாட விரும்புபவரின் தேவைகளை அளவுகோலாகக் கொண்டால் மதிப்பீடு வெகுவாக மாறிவிடுகிறது.

அத்தகையவருக்குக் கன்சோலின் உண்மையான போட்டியாளர், எடுத்த கணத்தில் விளையாடத் தரும் கைபேசிதான். இதைச் சுவிட்ச் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. உறக்க நிலையிலிருந்து எழுப்பினால் விட்ட இடத்திலேயே ஆட்டம் தொடர்கிறது; தொலைக்காட்சி வேறொருவருக்குத் தேவைப்பட்டால் தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கியான டாக்கிலிருந்து எடுத்துக் கையில் வைத்தபடியே ஆடலாம்.

அடுத்த தடை கன்ட்ரோலர். இரண்டு ஸ்டிக்குகளும் பத்துக்கு மேற்பட்ட பட்டன்களும் உள்ள ஒரு கருவியைப் புதியவர் கையில் கொடுத்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 2006இல் வந்த நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ, கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசப்படும் என்ற எளிய ஏற்பாட்டால் இத்தடையை உடைத்து, பத்துக் கோடிக்கு மேல் விற்றது. சுவிட்சின் கன்ட்ரோலரான ஜாய்கான் அந்த வழியில் பாதி தூரம் வருகிறது. அதன் இரு பகுதிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்தால், தனியாக எதையும் வாங்காமலே இருவர் ஆடலாம். பெரியவர்களின் விரல்களுக்கு அதன் பக்கவாட்டுப் பட்டன்கள் மிகச் சிறியவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதியவரை வரவேற்பதில் கருவியைவிட ஒருபடி மேலே நிற்பது 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' என்ற வண்டிப் பந்தய ஆட்டம். அதிலுள்ள உதவி வசதியை இயக்கினால் வண்டி பாதையை விட்டு விழாது; இன்னொன்றை இயக்கினால் தானாகவே முன்னே செல்லும். தேர்ந்த ஆட்டக்காரரும் முதன்முறையாகக் கன்ட்ரோலரைத் தொடுபவரும் ஒரே பந்தயத்தில் கலந்துகொள்ள முடிவது இதனால்தான். உதவி இயங்கும்போது சில குறுக்குவழிகள் அடைபடும் என்பதால் தேர்ந்தவருக்கும் அநியாயம் நேர்வதில்லை. எளிய ஆட்டம், கடின ஆட்டம் என்று மக்களைப் பிரித்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேலான தீர்வு.

பெட்டிக்குள் ஆட்டம் எதுவும் வைக்காததுதான் நின்டெண்டோவின் பெரிய தவறு. பெரும்பாலான நாடுகளில் வீயுடன் 'வீ ஸ்போர்ட்ஸ்' சேர்ந்தே வந்தது. வாங்கியவர் அன்றே கருவியின் பயனைக் கண்டார். ஜாய்கானின் திறன்களைக் காட்டுவதற்கென்றே உருவான '1-2-சுவிட்ச்' தனியாக விற்கப்பட்டது. 2025 ஜூனில் சுவிட்ச் 2 வந்தபோதும் கருவியை அறிமுகப்படுத்தும் 'வெல்கம் டூர்' தனி விலையிலேயே கிடைத்தது. புதியவர் எவரும் விளக்கக் குறிப்பைக் காசு கொடுத்து வாங்க மாட்டார். அதே வேளையில், எதையாவது பெட்டிக்குள் திணித்தால் போதும் என்பதும் இல்லை: 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுடன், உடலசைவைக் கண்டறியும் கேமராவான கினெக்டைக் கட்டாயமாகச் சேர்த்து விலையை உயர்த்திய மைக்ரோசாஃப்ட், மறு ஆண்டே அது இல்லாத பெட்டியையும் விற்க வேண்டியதாயிற்று. சேர்ப்பது ஆட்டமாக இருக்க வேண்டும். கூடுதல் சுமையாக இருக்கக் கூடாது.

மற்றக் குறைகளும் எப்போதாவது விளையாடுபவரையே அதிகம் பாதிக்கின்றன. நின்டெண்டோ தன் சொந்த ஆட்டங்களின் விலையை எளிதில் குறைப்பதில்லை. 2018 செப்டம்பர் முதல் பெரும்பாலான ஆட்டங்களை இணையவழி ஆடச் சந்தா தேவைப்படுகிறது. மாதத்தில் இருமுறை ஆடுபவருக்கு அது வீண் செலவு. தொடாமலே ஸ்டிக் நகரும் ஜாய்கான் கோளாறு பரவலாகப் பேசப்பட்டு, 2020இல் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா அதற்காக வருத்தம் தெரிவிக்கும் அளவுக்குப் போயிற்று.

வாங்க நினைப்பவர் விலை குறைவு என்பதற்காகச் சுவிட்ச் லைட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதன் கன்ட்ரோலர்கள் கழலாது, தொலைக்காட்சியோடும் இணையாது. இதுவரை பாராட்டியவற்றில் பெரும்பகுதி அதில் கிடைக்காது. சாதாரண மாதிரியையோ மேம்பட்ட திரையுள்ள ஓஎல்இடி மாதிரியையோ, மரியோ கார்ட் சேர்ந்த தொகுப்பாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.