ரொறொன்ரோ டவுன்டவுன் ஏரித்தண்ணி ஏசி, பேஸ்மென்டில நிண்டு பாத்ததை எழுதுறன்

நான் டவுன்டவுனில ஒரு ஒஃபிஸ் பில்டிங்கில மெயின்டனன்ஸ் வேலை. எங்களுக்கு என்வேவ் கொம்பனியின்ர ஏரித்தண்ணிக் குளிர்தான் வருது, 6 வருசமா பாத்துக்கொண்டிருக்கிறன், மனசாரச் சொல்லுறன், இதைவிட நல்ல ஏசி நான் கண்டதில்லை.

முந்தி வேலை செய்த இடத்தில பெரிய சில்லர், அதாவது கம்பிரசரால தண்ணியைக் குளிராக்கிற மெசின், கூரையில அந்தச் சூட்டை ஃபேனால வெளிய தள்ளுற கூலிங் டவர். ஒரு ஜூலை வெக்கைக்குள்ள கம்பிரசர் நிண்டுபோய் 11ம் மாடிச் சனம் ஃபைல் மட்டையால விசிறிக்கொண்டு இருந்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. இஞ்ச சில்லரே இல்லை. ஒரு தண்ணியின்ர குளிரை மற்றத் தண்ணிக்கு மாத்திற, தகடு தகடா அடுக்கின ஹீட் எக்ஸ்சேஞ்சர், பம்ப், பைப், அவ்வளவுதான், பக்கத்தில நிண்டு சாதாரணமா கதைக்கலாம். வாற பைப்பில மீட்டர் முள்ளு 5 டிகிரிக்குக் கிட்ட நிக்கும், இன்சுலேஷன் விலகின இடத்தில கை வைச்சா விரல் விறைக்கும், அதுவும் ஓகஸ்ட் மாசத்தில!

ஒன்ராறியோ ஏரிக்குள்ள 5 கிலோமீட்டர் தள்ளி, 83 மீட்டர் ஆழத்தில இருந்து தண்ணி எடுக்கினம். 4 டிகிரியிலதான் தண்ணிக்குப் பாரம் கூட, அதால குளிர்ந்த தண்ணி அடியிலேயே கிடக்கும், மேல என்ன வெயில் எரிச்சாலும் அங்க சூடு போகாது. எங்கட ஊர்க் கிணத்தடியில சித்திரை வெயிலுக்க முதல் வாளி ஊத்தேக்க உடம்பு சிலிர்க்குமே, அந்த ஞாபகம்தான் எனக்கு.

ஆனா ஏரித்தண்ணி பில்டிங்குக்குள்ள வராது. அது சிட்டி குடிக்க எண்டு எடுக்கிற தண்ணி, ஜோன் ஸ்ட்ரீட் பம்பிங் ஸ்டேஷனில குளிரை மட்டும் என்வேவின்ர பைப் தண்ணிக்குக் குடுத்திட்டு குசினிப் பைப்புக்குப் போயிடும். எப்பிடியும் எடுக்கத்தானே வேணும், அதிலயே குளிரையும் எடுத்தது பெரிய மூளை. ஹொனலூலுவில கடல்தண்ணியால இதைச் செய்ய வருசக்கணக்கா முயற்சி செய்து, செலவு கூடிப்போய் 2020ல கைவிட்டவை. இஞ்ச 2004ல இருந்து ஓடுது, சிட்டி ஹோல், ஸ்கோஷியாபேங்க் அரீனா எல்லாம் இதிலதான்.

எனக்கு ஒரே மனவருத்தம், இது டவுன்டவுனுக்கு மட்டும்தான். நான் இருக்கிறது ஸ்காபரோவில 14ம் மாடி, ஜன்னல் ஏசி. ஏரி எங்களுக்கும் பக்கத்திலதானே கிடக்கு, வயசுபோன ஆக்கள் வெக்கையில படுற பாட்டைப் பாத்தா வயிறு எரியுது. ஒரு ஸ்டாரைக் குறைக்கிறது அதுக்குத்தான், 5க்கு 4.

டவுன்டவுனில கொண்டோ வாங்கப் போற ஆக்கள், என்வேவ் லைனோ கூரையில கூலிங் டவரோ எண்டு ஒருக்கா கேளுங்கோ. மேல்மாடி எண்டா கட்டாயம் கேளுங்கோ, ராத்திரி முழுக்க அந்த ஃபேன் இரைஞ்சா நித்திரை வராது.