பிரசவத்துக்குப் பின் தாம்பத்தியம்: ஆறு வாரக் கணக்கா, உடலின் சம்மதமா?

குழந்தை பிறந்த பின் உறவை எப்போது தொடங்கலாம் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. ஆறு வாரம் காத்திருங்கள் என்பது ஒன்று. உடலும் மனமும் தயாரானதும் தொடங்குங்கள் என்பது மற்றொன்று.

ஆறு வாரக் கணக்கு தெளிவானது. அதற்குள் பெரும்பாலும் உதிரப்போக்கு நின்று, தையல் ஆறி, கருப்பையும் சுருங்கிவிடும். "இன்னும் நாள் இருக்கிறது" என்று தயக்கமில்லாமல் சொல்லவும் அது கைகொடுக்கிறது. சிக்கல் 43ஆம் நாளில்தான்: கெடு முடிந்துவிட்டதாலேயே மனைவி தயார் என்று சில கணவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

உடலின் போக்கில் விடுவது கடினம், ஆனால் நேர்மையானது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டு, மாதங்கள் கழிந்தும் வலிக்கலாம். சிசேரியன் செய்தவர்களுக்கும் இதே கதைதான். தூக்கமின்மை வேறு ஆசையைத் தின்றுவிடும். வலித்தால் நிறுத்த வேண்டும். தொடர்ந்து வலித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வறட்சியைப் போக்க, நீர் சார்ந்த உயவுப்பசை (லூப்ரிகன்ட்) உதவும். (எண்ணெய் வேண்டாம், லேடெக்ஸ் ஆணுறையைக் கெடுத்துவிடும்.)

என் தேர்வு இரண்டாவது. அதுவும் உதிரப்போக்கு நின்று, புண் ஆறிய பிறகே. அணைப்புக்கும் முத்தத்துக்கும் எந்தக் கெடுவும் கிடையாது. கருத்தடையை மட்டும் உடலின் போக்கில் விடாதீர்கள். மாதவிடாய் திரும்பும் முன்பே கருமுட்டை வெளிவரலாம். தாய்ப்பால் கொடுக்காதவர்களுக்கு நான்கு வாரங்களுக்குள்கூட.